முள்ளெலிக்குக் குளிர்கால வீடு: பழைய பலகைகளால் கட்டும் முறை

முள்ளெலிக்கு வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் அதைக் கதகதப்பாக்கத்தான் பார்ப்பார்கள். உட்சுவரில் தெர்மோகோல் ஒட்டுவார்கள், பழைய கம்பளியைத் திணிப்பார்கள், வெயில் விழும் இடமாகப் பார்த்து வைப்பார்கள். மூன்றுமே முள்ளெலிக்குக் கெடுதல். பிரிட்டனில் நவம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை தூங்கும் இந்த விலங்குக்கு வேண்டியது ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கும் குளிர். ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ்.

காரணம் அதன் உடம்பில் இருக்கிறது. விழித்திருக்கும்போது முள்ளெலியின் உடல் வெப்பம் 35 டிகிரி. இதயம் நிமிடத்துக்கு 190 முறை துடிக்கும். குளிர் உறக்கத்தில் உடல் சுற்றுப்புற வெப்பநிலைக்கு இறங்கிவிடும், துடிப்பு 20 அளவுக்குக் குறையும். அப்போது சேர்த்து வைத்த கொழுப்பு மிக மெதுவாகக் கரையும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனால், உடல் உறைந்துவிடாமலிருக்க முள்ளெலி கொழுப்பை எரித்தாக வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினாலும் உடலின் வேலை கூடிக் கொழுப்பு வேகமாகத் தீரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடைவெளிதான் சிக்கனமான இடம். வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை அது தானாகவே விழித்துக்கொள்ளும். குளிர்ந்து கிடக்கும் உடலை 35 டிகிரிக்கு ஏற்ற சில மணி நேரம் பிடிக்கும். குளிர்காலச் செலவில் பெரும்பகுதி இந்த விழிப்புகளுக்கே போகிறது. உறக்கம் முடிந்து வரும்போது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நாம் கட்டும் பெட்டி தேவையில்லாமல் நான்கு முறை கூடுதலாக எழுப்பிவிட்டால், அந்தக் கொழுப்பு மார்ச் மாதத்துக்கு மிஞ்சாது.

நம் ஊர்த் தேரிக்காடுகளிலும் முட்புதர் நிலங்களிலும் திரியும் முள்ளெலி வளை தோண்டிப் படுக்கும். ஐரோப்பிய முள்ளெலி இலைகளால் கூடு கட்டும். முட்புதரின் அடியிலோ விறகுக் குவியலின் கீழோ இலைகளை வாயில் கவ்விக் கொண்டுவந்து குவிக்கும். பிறகு குவியலுக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றிப் புரளும். முட்கள் வாரியதில் இலைகள் எல்லாம் ஒரே வாட்டத்தில் படிந்து, வெற்றிலைக் கட்டுப்போல அடுக்கடுக்காக இறுகிவிடும். இந்தச் சுவர் 10 செ.மீ. தடிமன்கூட இருக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பக் காப்பு. மழை நீரும் இலைமேல் வழுக்கி ஓடிவிடும். ஆனால் இலைகள் வெளிப்புறமாகச் சரியாமல் தாங்க ஏதாவது வேண்டும். பெட்டியின் வேலை அவ்வளவுதான். கூட்டைக் கட்டுவது முள்ளெலி. நாம் கொடுப்பது கூரையும் தாங்குசுவரும்.

இதற்கு அலாட்மெண்டைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. நகராட்சியிடமோ சங்கத்திடமோ வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் இந்த நிலத்துண்டு, பழைய அளவில் 10 ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். அப்படிப் பல துண்டுகள் வேலி இல்லாமல் அடுத்தடுத்து இருப்பதால் இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும் விலங்குக்கு வழி தடைபடாது. வண்டு, புழு, நத்தை என்று தீனிக்கும் குறைவில்லை. 2020இல் வெளியான பிரிட்டன் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் முள்ளெலி அழியும் ஆபத்துக்குரிய இனமாகச் சேர்க்கப்பட்டது. வேலிப்புதர்கள் அழிந்ததும், தோட்டங்கள் கான்கிரீட் ஆனதும், சாலைகளும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

பழைய மரம் எடுப்பதில் கவனம் வேண்டும். சரக்கு ஏற்றும் பேலட்டுகள் எளிதில் கிடைக்கும், ஆனால் முத்திரையைப் படிக்காமல் உடைக்கக் கூடாது. கோதுமைக் கதிர் படத்தின் பக்கத்தில் ‘HT’ (ஹெச்.டி.) என்றிருந்தால் வெறும் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். ‘MB’ (எம்.பி.) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது, தொடாதீர்கள். நீல வண்ணம் பூசியவை பெரும்பாலும் வாடகை நிறுவனங்களின் சொத்து, அவற்றை உடைக்க நமக்கு உரிமை இல்லை. எண்ணெய்க் கறை படிந்ததையும் விட்டுவிடலாம். பழைய ரயில் பாதைக் கட்டைகளில் கிரியோசோட் என்னும் நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். முள்ளெலி புதிதாகப் படும் எதையும் நக்கிப் பார்க்கும் விலங்கு என்பதால் அந்த மரம் வேண்டவே வேண்டாம். பச்சைச் சாயல் தெரியும் பழைய வேலிக் கம்பங்களில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கக்கூடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய கொட்டகைமேல் கிடக்கும் சாம்பல் நிற நெளி ஷீட். அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்; பிரிட்டனில் கல்நாருக்கு முழுத்தடை வந்தது 1999இல்தான். அதற்கு முந்தைய ஷீட் என்றால் வெட்டாமல், உடைக்காமல், துளையிடாமல் அப்படியே விட்டுவிட்டு நகராட்சிக்குச் சொல்ல வேண்டும்.

நல்ல பேலட் இரண்டு போதும். உடையும் பலகைகளை நினைத்து மூன்றாக எடுப்பது நல்லது. கடப்பாரை போட்டு நெம்பினால் வரியோடிய ஆணி மரத்தை விடாது, பலகை முனையில் பிளந்துவிடும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே உலோகம் அறுக்கும் ரம்பத்தை விட்டு ஆணியை அறுத்துவிடுவதே வேலையைச் சுலபமாக்கும். ஆணித்தலை மரத்திலேயே இருக்கட்டும், முனை மட்டும் உட்பக்கம் நீட்டக் கூடாது.

பலகை 10 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டு கணக்கு: முன்சுவருக்கும் பின்சுவருக்கும் 64 செ.மீ. நீளத்தில் 6 துண்டுகள். பக்கச் சுவர்களுக்கு 40 செ.மீ.யில் 6, நடுத்தடுப்புக்கு அதே நீளத்தில் 3. தரைக்கு 64 செ.மீ.யில் 4, கூரைக்கு 74 செ.மீ.யில் 6. மூலைகளில் நிற்க 4 செ.மீ. சதுரக் கட்டை, 30 செ.மீ. உயரத்தில் 4. கூரையை ஏந்த 3 செ.மீ. ரீப்பர் ஒன்று. மூன்று பலகை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது சுவர் 30 செ.மீ. உயரம் வரும். உள்ளே 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. ஆழம் கிடைக்கும்.

முதலில் பக்கச் சுவர்களை மூலைக் கட்டைகளில் திருகி, பிறகு முன்னும் பின்னும் மூடுங்கள். முன்சுவரின் ஒரு கோடியில் 13க்கு 13 செ.மீ. வாசல்: அடிப்பலகையை முழுதாகவும் இரண்டாம் பலகையில் 3 செ.மீ.யும் வெட்ட வேண்டும். பெரிய முள்ளெலி நுழைய இது போதும், நரியும் வளைக்கரடியும் (பேட்ஜர்) உடம்பை நுழைக்க முடியாது. வாசல் உள்ள பக்கச் சுவரிலிருந்து 18 செ.மீ. தள்ளி நடுத்தடுப்பு. அதன் பின்கோடியில் அதே அளவில் இரண்டாவது வாசல். உள்ளே வரும் விலங்கு 40 செ.மீ. நடந்து பின்சுவரருகே திரும்பித்தான் அறைக்குள் போகும். நரி வாசலில் காலை விட்டுத் துழாவினாலும் தடுப்புத்தான் தட்டுப்படும், காற்றும் நேராக அடிக்காது. இந்தத் தடுப்பை வேலை மிச்சமென்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத பாகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அறை 40க்கு 40 செ.மீ. அமையும். இன்னும் பெரிதாக்கினால் இலைகளை இறுக்கச் சுவர் எட்டாது, கூடு தளர்ந்துபோகும்.

தரைப் பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். கூரையில் ரீப்பரை முன்சுவரின் மேல் வைத்தால் பின்பக்கம் தானாகச் சரிவாகும், மழைநீர் வாசலை விட்டு விலகி ஓடும். பக்கங்களில் கூம்பி முடியும் இடுக்குத்தான் காற்றுவழி. அதை அடைத்துவிட்டால் முள்ளெலி விடும் மூச்சின் ஈரம் வெளியே போகாமல் கூரையடியில் துளித்துளியாகக் கோத்து, இலைமேல் சொட்டும். காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த இலைக்கூடு வெறும் குப்பையாகிவிடும். இலை பூஞ்சை பிடித்து மட்கவும் தொடங்கும். பெட்டி முழுவதையும் பிளாஸ்டிக்கால் சுற்றுவது இதே காரணத்தால்தான் கேடு. கூரையில் விரிக்கும் தார்த் தாளான ரூஃபிங் ஃபெல்ட்டின் பழைய துண்டோ, குளத்தடியில் விரித்த ரப்பர் தாளின் மிச்சமோ கூரைமேல் மட்டும் போதும். உட்புறம் வார்னிஷும் பெயிண்டும் வேண்டாம்.

வைக்கும் இடத்தில் 5 செ.மீ. ஆழத்துக்கு உடைந்த செங்கல் ஜல்லி பரப்பி, அதன்மேல் ஸ்லேட் ஓடுகள் போட்டுப் பெட்டியை இருத்துங்கள். மரம் மண்ணில் பட்டால் இரண்டு மூன்று குளிர்காலத்தில் உளுத்துவிடும். பக்கங்களில் ஸ்லேட்டுகளைச் சாய்த்து 20 செ.மீ. உயரத்துக்கு மண் அணைக்கவும். மேலே சுள்ளியும் இலையுமாக ஒரு சாண் குவியல், காற்றுவழி மட்டும் திறந்திருக்கட்டும். வெளியே ஒரே நாளில் உறைபனியும் இளவெயிலும் மாறி மாறி வந்தாலும் மண்ணும் இலையும் அந்த மாற்றத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். வேலிப்புதரின் நிழல் நல்லது. வாசல் வடக்கோ வடகிழக்கோ பார்க்க வேண்டாம், வாடைக் காற்று நேரே இறங்கும். தெற்குச் சுவரோரம் வெயிலில் வைத்தால் பிப்ரவரி மாதத்து நடுப்பகல் வெயிலே பெட்டியைச் சூடாக்கி எழுப்பிவிடும். கொதிக்கக் கொதிக்க மட்கும் உரக்குவியலை ஒட்டியும் வைக்கக் கூடாது.

செப்டம்பருக்குள் பெட்டி இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே இரண்டு கைப்பிடி உலர்ந்த இலை போதும். ஓக், பீச், ஹேசல் போன்ற தட்டையான அகல இலைகள் நன்றாக அடுக்கும், ஊசியிலை அடுக்காது. மீதியை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிக் குவித்து வையுங்கள், தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். செய்தித்தாளும் பஞ்சும் ஈரம் குடித்துக் கட்டியாகும். உணவை உள்ளே வைத்தால் எலி குடியேறும்.

யாராவது வந்திருக்கிறார்களா என்று மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாசலில் ஒரு வைக்கோல் தாளைக் குறுக்கே சாய்த்து வைத்தால் போதும், காலையில் விழுந்திருந்தால் போக்குவரத்து உண்டு. ஜனவரியில் வெறுமையாக இருந்தாலும் கவலை வேண்டாம். பெரும்பாலான முள்ளெலிகள் குளிர்காலத்தில் ஒருமுறையாவது கூடு மாற்றும், அதனால் இரண்டு பெட்டி வைப்பது பலன் தரும்.

பெட்டியைச் சுற்றியிருக்கும் தோட்டமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். நத்தைக் கொல்லியான மெட்டால்டிஹைடை வெளியில் பயன்படுத்துவது 2022 மார்ச் இறுதியோடு பிரிட்டனில் தடைசெய்யப்பட்டது. கொட்டகையில் பழைய டப்பா கிடந்தால் நகராட்சியின் ஆபத்தான கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். பட்டாணி வலை தரையைத் தொட்டால் முள்ளெலி சிக்கி மாட்டிக்கொள்ளும், ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள். பிரிட்டனில் ஆண்டுதோறும் நவம்பர் 5 இரவில் கொண்டாடும் தீ மூட்டு விழாவுக்கு விறகைக் குவித்திருந்தால், கொளுத்தும் அன்று முழுக்க வேறிடத்துக்கு மாற்றி அடுக்கிய பிறகே தீ வையுங்கள். அந்தக் குவியலும் முள்ளெலியின் கண்ணுக்கு நல்ல வீடுதான்.

சுத்தம் செய்வது ஏப்ரலில், வாசலில் சாய்த்த வைக்கோல் தாள் ஒரு வாரம் அசையாமல் இருந்த பிறகு. பழைய இலையை உரக்குழியில் போட்டு, பெட்டியில் கொதிநீர் ஊற்றித் தெள்ளுப்பூச்சியைப் போக்கி, நன்றாகக் காயவிடுங்கள். பூச்சிமருந்து வேண்டாம். சில வசந்தங்களில் பழைய இலைக்குள் பம்பிள் தேனீ ராணி கூடு போட்டிருக்கும். ரீங்காரம் கேட்டால் கூட்டம் கலையும் இலையுதிர் காலத் தொடக்கம் வரை பெட்டியைத் தொடாமல் விட்டு, அதன் பிறகு கழுவிக்கொள்ளலாம்.