படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீடு தேடி வரும் நர்ஸ்: மலையில் எப்படிக் கேட்டு வாங்குவது

பக்கவாதமோ புற்றுநோயோ, படுத்துவிட்டவருக்குப் புண் கட்ட நீலகிரியின் மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு ஜீப் பிடிக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் என்றால் பிபி, சுகர் மாத்திரைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வலி தணிக்கும் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதிலேயே உண்டு, இலவசம்.

ஆனால் கேட்க வேண்டும். ஹட்டிக்கோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைனுக்கோ (தொழிலாளர் குடியிருப்பு) மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். நோயாளியைத் தூக்கிப் போக வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் போதும். "உடம்பு முடியல" என்று மட்டும் சொன்னால் மாத்திரைப் பட்டியலோடு நின்றுவிடும். "எழுந்து உட்கார முடியாது, இடுப்பில் புண், மூத்திரக் குழாய் இந்தத் தேதியில் போட்டது" என்று சொல்லுங்கள். வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நர்ஸ் புண் கட்டுவார், குழாய் மாற்றுவார், வீட்டாருக்குக் கற்றுத்தருவார். நாள் முழுக்க உடனிருக்க மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வீட்டார் வேலைதான். மூத்திரப் பையைக் கட்டிலின் மேல் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது திரும்பி ஏறிக் கிருமி தொற்றும். குளிருக்கு இதம் என்று உணர்ச்சியற்ற காலில் வெந்நீர்ப் பை வைப்பதுதான் இங்கே அதிகம் பயப்பட வேண்டியது. வெந்துபோவது அவருக்கே தெரியாது. காலுறையும் கம்பளியும் போதும். மூடிய அறையில் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம், அதன் புகை ஆளையே கொல்லும்.

பணத்துக்கு வழி மாற்றுத்திறனாளி சான்று. 40 சதவீதத்திலிருந்து அடையாள அட்டை; 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பக்கவாதம் வந்த கையோடு போனால் அலைச்சல்தான் மிஞ்சும். உடல்நிலை ஓரளவு நிலைத்த பிறகே சதவீதம் போடுவார்கள்.

கவனித்துக்கொள்பவரின் உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது தேயிலைக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த மகளோ மருமகளோதான். தன்னார்வலர் வரும்போது உங்கள் பிபியையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி புரட்டும் முறையில் ஒன்றையாவது வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும். தூக்கமில்லாமல் நோயாளி மீதே எரிந்து விழத் தோன்றினால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.