பலகையில் எழுதிய எடை யாருக்கானது?

ஒரு திங்கட்கிழமை மாலை, கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எனது இயன்மருத்துவ (பிசியோதெரபி) அறைக்கு 27 வயதுடைய வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். இரண்டு முழங்கைகளும் பாதி மடிந்தபடியே நின்றன. மேற்கைகள் வீங்கி இறுகியிருந்தன. "சேர், சனிக்கிழமை புல்-அப் கொஞ்சம் கூடச் செய்துவிட்டேன். தடவிவிட்டால் சரியாகிவிடும்" என்றார். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "பிளேன்டீ மாதிரி" என்றார். நான் தடவவில்லை, உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

அளவுக்கு மீறிய உழைப்பால் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையை ராப்டோமயோலிசிஸ் என்கிறோம். இந்தத் தம்பி சோம்பேறி அல்ல; பாடசாலைக் காலத்தில் ரக்பி விளையாடியவர், உடற்பயிற்சியில் நான்கு ஆண்டு இடைவெளி விட்டுத் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனெனில் பழைய மனவுறுதி முதல் நாளே திரும்பிவிடும், தசை பழக்கப்படுவதற்கோ வாரக்கணக்கில் எடுக்கும். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் அவருக்கு வராது என்று கண்ட பயிற்றுநர், பெட்டியிலிருந்து துள்ளிக் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கச் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் ஏறுவதைவிட, பாரத்தைத் தாங்கியபடி இறங்கும்போதுதான் தசை அதிகம் சேதமடைகிறது. அப்படி நூறு தடவை இறங்கியவருக்குப் பயிற்சி இலகுவாக்கப்படவே இல்லை.

ஆகவே, ‘ஸ்கேலிங்’ என்று ஜிம்களில் சொல்லப்படும் அளவுமாற்றம், பார்வைக்கு இலகுவான ஓர் அசைவைத் தேடிக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பலவகை அசைவுகளைக் கலந்து வேகமாகச் செய்யும் கிராஸ்ஃபிட் முறையில் ‘ஃபிரான்’ என்றொரு பயிற்சி உண்டு: பாரத்தைத் தோளில் ஏந்திக் குந்தி, எழும் வேகத்திலேயே தலைக்கு மேல் உயர்த்தும் திரஸ்டரையும் புல்-அப்பையும் 21, 15, 9 தடவை என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். ஜிம் பலகையில் ஆண்களுக்கு 95 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 43 கிலோ என்றும், பெண்களுக்கு 65 இறாத்தல் என்றும் எழுதப்படும். தேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பார்கள். மூச்சு வாங்க வாங்க, நீண்ட இடைவெளி விடாமல், சில நிமிடங்களில் முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். புதியவர் ஒருவர் அதே 43 கிலோவை மூன்று தடவைக்கு ஒருமுறை கீழே வைத்துவைத்து 25 நிமிடம் போராடினால், அவர் செய்தது ஃபிரான் அல்ல, இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் நோவைத் தேடித்தரும் வேறொன்று. அவருக்கு 15 கிலோ தண்டைக் கொடுத்து, புல்-அப்புக்குப் பதிலாக வளையங்களைப் பிடித்துச் சாய்ந்து இழுக்கவிட்டு, எண்ணிக்கையை 15, 12, 9 என்று குறைத்தால், தேர்ந்தவர் அடையும் அதே மூச்சிரைப்பை அவரும் எட்டு நிமிடத்தில் அடைவார்.

கொழும்பின் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றில் ஈரப்பதன் மிகுந்திருக்கையில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடல் குளிர்வதில்லை. குளிரூட்டியில்லாத மாடி ஜிம்மில், அதுவும் ஏப்ரல் மாதத்தில், 20 நிமிடப் பயிற்சியை 12 நிமிடமாக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிரான நுவரெலியாவிலிருந்து புதிதாக வந்தவருக்கு இந்த வெப்பம் பழகவே ஓரிரு வாரங்கள் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து 58 வயதுடைய அம்மா ஒருவர் முழங்கால் நோவோடு வருகிறார். கதிரையின்மேல் இரண்டு மெத்தைகளை வைத்து, அதில் அமர்ந்து எழச் சொன்னேன்: ஒரு நிமிடம் பயிற்சி, ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்றுகள். மூன்று வாரம் கழித்து ஒரு மெத்தையை எடுத்தோம். பாரம் ஏதும் இன்னும் கொடுக்கவில்லை. குந்தும் ஆழமும் உடலை வைத்திருக்கும் விதமும் சீரான பிறகே பாரம், பாரம் பழகிய பிறகே வேகம் என்ற வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை. குருதி அமுக்கத்துக்காக அவர் எடுக்கும் பீற்றா புளொக்கர் மருந்து இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அதனால் சுற்று முடிந்ததும், "அம்மா, இன்றைக்கு எந்த பஸ்ஸில் வந்தீர்கள்?" என்று கேட்பேன். கதையே சொன்னால் வேகத்தைக் கூட்டலாம். இரண்டு மூன்று சொற்களாக விட்டுவிட்டுச் சொன்னால் போதிய அளவு. ஒரு சொல்லும் வராவிட்டால் நிறுத்திவிடுவேன். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் உயர்த்தக்கூடாது என்பதையும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறேன், ஏனெனில் அந்தக் கணத்தில் குருதி அமுக்கம் சட்டென்று ஏறும்.

நாற்பதைக் கடந்த ஆண்களுக்கு இன்னொன்று: பெட்டியின்மேல் துள்ளி ஏறி, துள்ளியே இறங்கும் பயிற்சியில் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. ஏறி, ஒவ்வொரு காலாக இறங்குங்கள்.

புதிய வகுப்பொன்றில் சேரும்போது பயிற்றுநரிடம், "இன்றைய பயிற்சி எனக்கு எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும், அதற்கு நான் எந்த எடையை எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். உங்கள் வயதையும் இடைவெளியையும் நோயையும் விசாரித்துவிட்டுப் பதில் சொன்னால், தண்டைத் தூக்கலாம். பலகையைக் கைகாட்டினால், அன்றைக்கு வெறும் கையோடு குந்தி எழுந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.