பூனையின் எடை 4.2: தரவு எப்போது தகவல் ஆகிறது?

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் கணினி வகுப்பில் கணினியைத் திறக்கவே மாட்டேன். பலகையில் 4.2 என்று பெரிதாக எழுதிவிட்டு, "இது என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்பேன். ஒருவன் மணி என்பான், ஒருத்தி தன் தம்பியின் வயது என்பாள், இன்னொருத்தி ஏதோ ஒன்றின் விலை என்பாள். யார் சொல்வதையும் தப்பு என்று ஒதுக்க முடியாது, சரி என்று ஏற்கவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை பொறுமை இழந்து, "மிஸ், நீங்க முழுசா சொல்லவே இல்ல" என்று குறை சொல்லும். அந்தக் குறைக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

பிறகு பக்கத்தில் 'கிலோ' என்று சேர்ப்பேன். மணியும் வயதும் விலையும் கழன்றுவிடும். 'பூனை' என்று சேர்ப்பேன். ஒரு பூனையின் எடை என்று தெரிந்துவிடும், ஆனாலும் அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாது. அதற்கு மேலே 'மூன்று மாதத்துக்கு முன்பு 4.8 கிலோ' என்று எழுதியதும்தான் வகுப்பில் சலசலப்பு வரும். "இளைச்சிருச்சு மிஸ்!" 600 கிராம் என்பது நமக்கு அற்பம், அந்தப் பூனைக்கோ உடம்பில் எட்டில் ஒரு பங்கு. காரணம் தெரியாமல் அவ்வளவு இளைத்த பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒருமுறை ஒரு சிறுமி கையைத் தூக்கி, "டாக்டரே குறைக்கச் சொல்லியிருந்தா?" என்று கேட்டாள். அதே இரண்டு எண்கள், இப்போது மகிழ்ச்சியான சேதி. நான் அதுவரை யோசிக்காத கேள்வி அது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கேள்வியை நானே எழுப்புகிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 'டேட்டா' என்றால் போனில் தீர்ந்துபோகும் ஒன்று. அதனால் நான் முதலிலிருந்தே தரவு என்ற சொல்லைத்தான் பழக்குகிறேன். தருவதுதான் தரவு: தராசு ஒரு எண்ணைத் தருகிறது, வெப்பமானி ஒரு எண்ணைத் தருகிறது, பக்கத்தில் இருக்கும் நண்பன் "எங்க வீட்ல ரெண்டு கிளி" என்று ஒரு பதிலைத் தருகிறான். தந்ததை வைத்துக்கொண்டு நாம் ஒரு கேள்விக்கு விடை கண்டால் அது தகவல். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் வரையறையை மனப்பாடம் செய்யக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது, "தரவு என்பது பதப்படுத்தப்படாத..." என்று ஒப்பித்துவிட்டு, கையில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

செல்லப்பிராணியை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்றால், அதில் பிள்ளைக்கு அக்கறை இருக்கிறது. அக்கறை இருந்தால்தான் கேள்வி வரும். பலகையில் 38.6 டிகிரி என்று எழுதி (பாரன்ஹீட்டில் ஏறத்தாழ 101.5) இது உன் உடம்புச் சூடு என்றால் என்ன செய்வாய் என்று கேட்டால், "காய்ச்சல், ஸ்கூலுக்கு லீவு" என்று கத்துவார்கள். சரி, இது ஒரு நாயின் உடம்புச் சூடு என்றால்? நாய்க்கு இயல்பான சூடே 38.3 முதல் 39.2 வரை. எண் மாறவில்லை, யாருடைய எண் என்பது மாறியது, விடை தலைகீழாகிவிட்டது. சூழல், பின்னணி என்றெல்லாம் நாம் பெரியவர்கள் பேசுவதை ஒரு ஏழு வயதுப் பிள்ளை இந்த ஒரு எடுத்துக்காட்டில் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம் கணக்கெடுப்பு. இதைத்தான் எல்லா ஆசிரியர்களும் செய்கிறோம்: வகுப்பில் யார் வீட்டில் என்ன பிராணி என்று கேட்டு, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, எண்ணி, பட்டை வரைந்து, வண்ணம் தீட்டி, சுவரில் ஒட்டி முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன். ஒருநாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டபோது ஒரு பையன் "நாய் நீலக் கலர்" என்றான். அவன்மேல் தவறில்லை. நான் அவனிடம் கேள்வியே கேட்காமல் படம் வரையச் சொல்லியிருந்தேன்.

இப்போது கேள்வியைத்தான் முதலில் எழுதச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் 24 பேர். ஏழு வீட்டில் நாய், மொத்தம் 8. ஐந்து வீட்டில் பூனை, மொத்தம் 6. மூன்று வீட்டில் மீன்தொட்டி, அதில் எல்லாம் சேர்த்து 31 மீன்கள். இரண்டு வீட்டில் பறவை, மொத்தம் 4. ஒரு வீட்டில் முயல். ஒன்பது பேர் வீட்டில் எதுவும் இல்லை. 'நம் வகுப்பில் எந்தப் பிராணி அதிகம்?' என்று ஒரு குழு கேட்டது, விடை மீன். 'எந்தப் பிராணி அதிக வீடுகளில் இருக்கிறது?' என்று இன்னொரு குழு கேட்டது, விடை நாய். இரண்டு குழுவும் ஒன்றையொன்று பார்த்து "நீங்க தப்பா எண்ணிட்டீங்க" என்று சண்டைக்குப் போனார்கள். அந்தச் சண்டையை நான் அவசரப்பட்டுத் தீர்த்து வைக்கவில்லை. எண்ணியதில் தப்பே இல்லை, ஒருவர் பிராணியை எண்ணியிருக்கிறார், ஒருவர் வீட்டை எண்ணியிருக்கிறார் என்று அவர்களே கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது, அந்தக் கால் மணி நேரம்தான் பாடம்.

அதோடு முடியவில்லை. ஒரு சிறுமி வீடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தாள். 7, 5, 3, 2, 1, கூடவே 'இல்லை' என்ற 9. மொத்தம் 27 வருகிறது, வகுப்பில் இருப்பதோ 24 பேர். மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்? மூன்று வீடுகளில் இரண்டு வகைப் பிராணிகள் இருந்தன, அவர்கள் இரண்டு தடவை கை தூக்கியிருந்தார்கள். வேறொரு ஆண்டில் இதற்கு நேர் எதிராக, ஒரே வகுப்பில் படித்த இரட்டையர் இருவரும் சேர்ந்து ஒரே நாயை இரண்டு நாயாக்கிவிட்டார்கள். கூட்டிப் பார், பொருந்துகிறதா பார், பொருந்தாவிட்டால் ஏன் என்று கேள்: இந்தப் பழக்கத்தை எட்டு வயதுக்குள் ஊட்டிவிட முடியும்.

'இல்லை' என்று சொன்ன ஒன்பது பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவர்களுக்குப் படத்தில் இடமே இருக்காது, மற்றவர்கள் கோடு போடும்போது சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அது அந்தப் பிள்ளைகளுக்கும் வலி, தரவுக்கும் பொய். இல்லை என்பதும் ஒரு பதில்தான், அன்றைக்கு எல்லாப் பட்டைகளிலும் உயரமான பட்டை அதுதான். இன்னொன்று: ஒரு பையனின் நாய் முந்தைய மாதம் இறந்திருந்தது. எந்தப் பக்கம் கை தூக்குவது என்று தெரியாமல் அழுதுவிட்டான். கேள்வியில் 'இன்று உன் வீட்டில்' என்று ஒரு சொல் போடாதது என் பிழை. இப்போது அந்தச் சொல் இருக்கிறது, பக்கத்திலேயே 'முன்பு இருந்தது' என்று ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன், பிள்ளைகள் விரும்பினால் அதில் பெயரை எழுதுவார்கள்.

பட்டை போடுவதா கோடு இழுப்பதா என்பதும் கேள்வியைப் பொறுத்ததுதான். 1786இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் பல நாடுகளின் வணிகக் கணக்கை ஆண்டுவாரியாகக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவர் கையில் ஒரே ஒரு ஆண்டின் கணக்குதான் இருந்தது, ஒற்றை ஆண்டைக் கோடாக இழுக்க முடியாது, அதனால் பட்டைகளாக நிறுத்தினார். பூனைக்குட்டியின் வாராவார எடைக்குக் கோடு, வகுப்பில் இருக்கும் பிராணிகளுக்குப் பட்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தக் கதை போதும்.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. பிராணிகளின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் ஒரு அரிசி அளவுதான் இருக்கும். அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லவும் சொல்லாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு எண்ணைத் தரும், பெரும்பாலும் 15 இலக்கம். அவ்வளவுதான். நான் ஒரு பொம்மை நாய்க்குள் 15 இலக்கச் சீட்டை வைத்து 'தொலைத்துவிடுவேன்'. கண்டெடுத்த பிள்ளை எண்ணைப் படிக்கும், ஆனால் அதை வைத்து நாயை வீடு சேர்க்க முடியாது. பதிவேடு வைத்திருக்கும் பிள்ளையிடம் போக வேண்டும், அங்கே எண்ணுக்கு எதிரே உரிமையாளரின் போன் எண் இருக்க வேண்டும், அதுவும் பழைய எண்ணாக இருக்கக் கூடாது. ஒரு தடவை வேண்டுமென்றே பழைய எண்ணை எழுதி வைத்தேன். நாய் அன்று வீடு திரும்பவில்லை, வகுப்பே கொந்தளித்துவிட்டது. பெற்றோர்களே, உங்கள் பிராணிக்குச் சிப் வைத்திருந்தால், போன் எண்ணை மாற்றியபோது பதிவேட்டிலும் மாற்றினீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி நான் பெற்றோரிடம் மிகுந்த கவலையோடு பேசும் பகுதி. ஓர் ஆண்டு பிள்ளைகள் 'என் செல்லம்' என்று சுவரொட்டி செய்தார்கள். அழகாக இருந்தது என்று படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரவு மறுபடி பார்க்கும்போதுதான் உறைத்தது. ஒரு சுவரொட்டியில் நாயின் பெயர், அதன் பிறந்தநாள், வாசற்கதவில் வீட்டு எண் தெரியும்படி ஒரு படம், கீழே 'தினமும் மாலை 6 மணிக்கு நாங்கள் எல்லாரும் வாக்கிங் போவோம்.' தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பாசமான வரிகள். சேர்த்துப் பார்த்தால் அந்த வீடு எப்போது பூட்டியிருக்கும் என்ற தகவல். உடனே நீக்கினேன், அந்தப் பெற்றோரிடம் மன்னிப்பும் கேட்டேன். செல்லப்பிராணியின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். கணக்கை மீட்க 'உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?' என்று கேட்கும் சேவைகளும் உண்டு. பிள்ளைகளை இதில் பயமுறுத்த வேண்டாம். கற்பனையாக ஒரு நாயையும் ஒரு குடும்பத்தையும் உருவாக்கி, ஐந்தாறு துண்டுச் சீட்டில் ஆளுக்கொரு தரவாக எழுதிக் கொடுத்து, இவற்றைச் சேர்த்தால் இந்தக் குடும்பத்தைப் பற்றி என்னவெல்லாம் கண்டுபிடிக்கலாம் என்று துப்பறியச் சொல்லுங்கள். நாம் எண்களைச் சேர்த்துப் பூனையின் நலத்தை அறிந்த அதே வழியில் முன்பின் தெரியாத ஒருவர் நம்மை அறிய முடியும் என்பது விளையாட்டிலேயே விளங்கிவிடும்.

வீட்டில் செய்து பார்க்க எளிதானது தண்ணீர்க் கணக்கு. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்து கழிக்க வேண்டும், இடையில் எவ்வளவு ஊற்றினோம் என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு நாய் சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி அளவு குடிக்கும். வெயிலிலும் ஓடியாடிய நாளிலும் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டி நாள்தோறும் குடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தேதி, அளவு, அளந்தது யார் என்று மூன்று கட்டம் போதும். எப்படியும் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மறந்துபோகும். அப்போது பிள்ளை அந்தக் கட்டத்தில் 0 என்று எழுதப் பார்க்கும், அல்லது நேற்றைய எண்ணையே போட்டு நிரப்பப் பார்க்கும். கொஞ்சம் நிறுத்தி, "நாய் அன்னிக்குத் தண்ணியே குடிக்கலையா, இல்ல நாம அளக்கலையா?" என்று கேளுங்கள். 'அளக்கவில்லை' என்று அது தன் கையாலேயே எழுதட்டும்.