38 வயதில் உலகப் பட்டம்: சைக்கிள் மூட்டைத் தேய்க்கிறதா?

சுத்தமல்லிப் பக்கத்திலிருந்து டவுன் உணவகங்களுக்கு வாழை இலைக் கட்டு கொண்டுவரும் ஒருவர், சென்ற ஆனி மாதம் பாளையங்கோட்டையில் உள்ள என் இயன்முறை சிகிச்சை அறைக்கு வந்தார். வயது 58. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடியற்காலையில் சைக்கிள் மிதித்தே தொழில் செய்பவர். "மூட்டு தேஞ்சிட்டு சார், இனி சைக்கிளத் தொடாதீயன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுதாவ. அது இல்லன்னா நான் என்ன தொழில் செய்ய?" என்று கேட்டார்.

நாற்பதைக் கடந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வியை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பலர் என்னிடம் வருவதற்கு முன்பே சைக்கிளை விட்டுவிடுகிறார்கள். விட்ட சில மாதங்களில் தொடைத் தசை மெலிந்து, முன்பு தசை தாங்கிய பாரத்தையும் மூட்டே தாங்க வேண்டிய நிலை வந்து, வலி கூடிய பிறகுதான் சிகிச்சைக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் எப்போதும் ஒரு ஸ்பானிய சைக்கிள் பந்தய வீரரைப் பற்றிச் சொல்வது வழக்கம்.

முர்சியாப் பகுதியைச் சேர்ந்த அலெஹாந்திரோ வால்வெர்தே 1980-இல் பிறந்தவர். 2002-இல் தொழில்முறைச் சாலைப் பந்தயங்களுக்கு வந்தார். 2017 ஜூலை 1 அன்று, ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் மழையில் நடந்த டூர் டி பிரான்ஸ் என்னும் மூன்று வார சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் போட்டியில், ஒரு வளைவில் சறுக்கித் தடுப்பில் மோதினார். முழங்கால் சில்லும் கணுக்கால் எலும்பும் முறிந்தன. அப்போது அவருக்கு 37 வயது. சில்லு முறிந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். சம்மணமிட்டு உட்காருவதற்கே பலருக்குப் பல மாதங்கள் ஆகும். வால்வெர்தே அடுத்த பிப்ரவரியில் வலென்சியாப் பந்தயத்தை வென்றார்; செப்டம்பர் 30 அன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். அந்தப் பந்தயத்தின் நீளம் 258 கிலோமீட்டர். அதாவது, நெல்லையிலிருந்து மதுரைக்குப் போய், அங்கிருந்து திரும்பிக் கோவில்பட்டி வரை வருகிற தூரம். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 4,600 மீட்டருக்கு மேல் வரும். நம் பொதிகையின் அகத்தியர் மலை 1,868 மீட்டர்தான். அவர் ஓய்வு பெற்றது 2022-இல், 42 வயதில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்த ஊக்கமருந்து வழக்கில் இரண்டாண்டுத் தடை பெற்று, 2012-இல் மீண்டும் பந்தயத்துக்கு வந்தவர் அவர். ஆகவே அவரை ஒழுக்கத்துக்கு முன்மாதிரியாக நான் காட்டவில்லை. முறிந்த மூட்டும் முறையான பயிற்சியால் இவ்வளவு வேலையைத் தாங்கும் என்பதற்குச் சான்றாக மட்டுமே காட்டுகிறேன். வயதை வென்றவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்: நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க் 1985-இல் 38 வயதில் உலகப் பட்டம் பெற்றார், அமெரிக்கரான கிறிஸ் ஹார்னர் 2013-இல் 41 வயதில் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயத்தை வென்றார்.

இவர்களின் மூட்டு ஏன் தேயவில்லை? நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் முழங்கால் ஒரு மணி நேரத்தில் 5,400 முறை மடங்கி நீளும். ஆயினும் உடலின் எடையை இருக்கை தாங்குவதால், நடக்கும்போதும் படியேறும்போதும் ஏற்படுகிற அதிர்ச்சி அங்கே இல்லை. பாரம் குறைந்த இந்த அசைவுதான் குருத்தெலும்புக்கு ஊட்டம் சேர்க்கிறது; குருத்தெலும்புக்குத் தனி இரத்தக்குழாய் கிடையாது, அழுந்தி விடுபடும்போது மூட்டுநீரிலிருந்தே அது உணவை எடுத்துக்கொள்கிறது. கெடுதல் வருவது மடங்குகிற எண்ணிக்கையால் அன்று, மடங்குகிற கோணத்தால். தொழில்முறை வீரருக்கு இருக்கையின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைக்கிறார்கள். நம் ஊரில், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடிவரை இறக்கி வைக்கிறோம். அப்படி ஓட்டும்போது, மிதி மேலே வருகிற ஒவ்வொரு முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று வரும் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் பார்ப்பது எக்ஸ்ரேயை அன்று, வாசலில் நிற்கும் சைக்கிளைத்தான்.

சரிபார்ப்பது எளிது. சீட்டில் அமர்ந்து, மிதி கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சிறு மடிப்பு, ஏறக்குறைய 25 முதல் 35 பாகை வரை, தானாக வந்துவிடும். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம், முன்பக்கம் வலித்தால் தாழ்வு என்பது பெரும்பாலும் பொருந்தும். ஒரே நாளில் முழுவதும் ஏற்றாமல், வாரத்துக்கு ஒரு விரற்கடை என்று ஏற்றுவது நல்லது.

வயது ஏற ஏற, உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு குறையும். உழைப்பு இல்லாதவருக்குப் பத்தாண்டுக்குப் பத்து விழுக்காடு அளவில் குறைவதை, தொடர்ந்து பயிற்சி செய்பவர் ஏறக்குறைய பாதியாக்கிக்கொள்ளலாம். மீதி இழப்பை மூத்த வீரர் அனுபவத்தால் ஈடுகட்டுகிறார். பிறர் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஓட்டினால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அதைக் கடைசி ஏற்றம் வரை சேர்த்து வைப்பதே வால்வெர்தேயின் கலை. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அனுப்புகிற ஆடிக்காற்றை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ஆலங்குளம் பக்கம் பயிற்சிக்குப் போகிறவர்கள், புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே எதிர்காற்றில் போய், களைத்தபின் காற்றோடு திரும்பும்படி திட்டமிடுங்கள். சிரமப்பட்டு வேகத்தைக் காக்க முயலாமல், மிதி இலகுவாகச் சுற்றும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள்.

கியர் சைக்கிள் வாங்கி ஞாயிறுதோறும் பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும் போகிற நண்பர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒவ்வொரு பயணத்தையும் அவர்கள் பந்தயமாக்கிவிடுகிறார்கள். ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் அளவில் ஓட்டும் தொழில்முறை வீரர்கள், அதில் பெரும்பகுதியைப் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். கடும் பயிற்சி வாரத்தில் ஓரிரு நாள்தான். ஐம்பது வயதுத் தசை ஒரு கடும் உழைப்பிலிருந்து மீள, இருபது வயதுத் தசையைவிட அதிக நாள் கேட்கும். அந்த நாள்களைக் கொடுக்காதவர்தான் தசைநாண் அழற்சியோடு என்னிடம் வருகிறார்.

சைக்கிள் கொடுக்காத ஒன்றும் உண்டு, அது எலும்பு வலு. எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால், சாலைப் பந்தய வீரர்கள் பலரின் இடுப்பு முதுகெலும்பில் எலும்படர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. எனவே வாரத்தில் இரண்டு நாளாவது படியேற்றமும், எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். உணவில் கேழ்வரகும் முள்ளோடு மெல்லக்கூடிய சாளை மீனும் இருக்கட்டும்.

டூர் டி பிரான்ஸில் 1930 முதல் 1964 வரை பங்கேற்ற 834 பிரெஞ்சு, இத்தாலிய, பெல்ஜிய வீரர்களை ஆராய்ந்தபோது, பாதிப்பேர் இறந்த வயது 81.5 என்று தெரிந்தது. அந்நாடுகளின் பொதுமக்களுக்கு அது 73.5. இதில் முழுப் பெருமையும் சைக்கிளுக்கே என்று நான் சொல்லமாட்டேன். இயல்பிலேயே வலுவான உடல் உள்ளவர்தான் அந்தப் பந்தயத்துக்குள் நுழைய முடியும். ஆனாலும் கடும் உழைப்பு ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை. பல்லாண்டு நீளுழைப்பு செய்தவர்களுக்கு இதயத் துடிப்புச் சீர்கேடு சற்று அதிகம் என்பதும் உண்மை. மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், படபடப்பு, மயக்கம் வந்தால் அன்றே இறங்கி, இதய மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்கு உடலைவிடப் பெரிய பகை சாலைதான். இத்தாலியின் தாவிதே ரெபெல்லின் 51 வயது வரை தொழில்முறைப் பந்தயங்களில் ஓட்டி 2022-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, பயிற்சிக்குச் சென்ற அவரைச் சாலையில் ஒரு லாரி மோதிக் கொன்றது. நான்குவழிச் சாலையில் இருட்டில் எதிர்த்திசையில் வருகிற நம் சைக்கிள்களைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

இலைக்கட்டு அண்ணாச்சியின் சைக்கிளை வாசலில் பார்த்தேன். சீட் அடித்தண்டோடு ஒட்டியிருந்தது. கேரியரில் கட்டு ஏறினால் பின்விளக்கு முழுவதும் மறைந்துவிடும். அன்றே ஒரு விரற்கடை ஏற்றி, தொடைத் தசைக்கு மூன்று பயிற்சிகள் கற்றுக்கொடுத்து, கட்டுக்கு வெளிப்புறம் கட்டிக்கொள்ள ஒரு சிவப்பு விளக்கும் வாங்கச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்தபோது வலி படியிறங்கும்போது மட்டும்தான் இருந்தது. சீட் தண்டில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். "பேரன் எடுத்து ஓட்டிட்டு இறக்கி வச்சிருதான் சார். அதான் அடையாளம் போட்டுட்டேன்" என்றார்.