நம்பிக்கை இருக்கட்டும், ரேட்டில் மட்டும் வேண்டாம்

கோவையிலும் திருப்பூரிலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓட்டல் ஹால்களில் ஒரு வகைப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. "நேர்மறையாக நினையுங்கள், அரசு ஆர்டர் தேடி வரும்" என்பதுதான் அதன் சாரம். ஒர்க் ஆர்டர் கையில் இருப்பதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்வார்கள். போய்வந்த வாடிக்கையாளர்கள் திங்கட்கிழமை காலையிலேயே போன் செய்து "இந்த வருசம் எப்படியும் ஒரு டெண்டர் எடுத்துடணுமுங்க" என்பார்கள். அந்த உற்சாகத்தில் தப்பில்லை. அதை எங்கே செலவழிக்கிறார்கள் என்பதில்தான் ஆடிட்டராக எனக்குக் கவலை.

உண்மையில் நம் கொங்குப் பக்கத்துச் சிறுதொழில்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிரான நோய். "அதெல்லாம் முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்களுங்க, நாம போட்டு என்னங்க ஆவப்போகுது?" கணபதியில் மோட்டார் பம்பு செய்பவரும் இதையே சொல்கிறார், சென்னிமலையில் போர்வை நெய்பவரும், கரூரில் கொசுவலை செய்பவரும் இதையே சொல்கிறார்கள். முழுப் பொய் என்று நானும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கம்பெனியின் மாடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய ஸ்பெசிபிகேஷன்கள் இருக்கின்றன, படித்தாலே தெரிந்துவிடும். ஆனால் அதற்கும், ரேட் போடுவதற்கு முன்பே சந்தேகம் கேட்க பிரீ-பிட் கூட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே எழுத்து மூலம் கேள்வி கேட்டால், நிபந்தனையைத் தளர்த்தித் திருத்த அறிவிப்பு வந்ததும் உண்டு. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

என் மேஜைக்கு வந்த டெக்னிக்கல் கவர் (ரேட்டைப் பிரிக்கும் முன் தகுதிக் காகிதங்களைப் பார்க்கும் கட்டம்) நிராகரிப்புகளில் சதியை விடக் காகிதக் கோளாறுதான் அதிகம். டர்ன் ஓவர் சான்றிதழில் யூடின் எண் (ஆடிட்டர் தரும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் உரிய தனி அடையாள எண்) இல்லை. 2019 பிப்ரவரி முதல் ஆடிட்டர் தரும் எந்தச் சான்றிதழுக்கும் அது கட்டாயம். ஐ.எஸ்.ஐ. லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் கோட் செய்த மாடல் அந்த லைசென்ஸின் பட்டியலில் இல்லை. கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரப் பத்திரம் இல்லை. இன்னொன்று அடிக்கடி நடப்பது: சொந்தமாக உற்பத்தி செய்பவர், உத்யம் பதிவில் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வர்த்தகர் என்று போட்டு வைத்திருப்பார். யாரோ பிரவுசிங் சென்டரில் பதிந்து கொடுத்தது. சலுகை மொத்தமும் அந்த ஒரு வரியில் போய்விடும்.

சலுகை சின்னதில்லை. மத்திய அரசின் 2012 ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள்ளேயே எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையும் (இ.எம்.டி.) கட்ட வேண்டியதில்லை. பலருக்கும் தெரியாத விஷயம் விலைப் பொருத்தம். எல்-1, அதாவது எல்லோரையும் விடக் குறைந்த ரேட் போட்டவர், ஆக வந்தது ஒரு பெரிய கம்பெனி, ரேட் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 11,500 வரை போட்டிருந்தாலும், 10,000-க்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஒரு பங்கு ஆர்டர் உங்களுக்குக் கிடைக்கும். அதாவது முதல் கவரிலேயே அடிமட்டத்துக்கு இறங்கி உயிரை விட வேண்டிய அவசியம் இல்லை. இந்தச் சலுகைகள் உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்பவருக்குக் கிடையாது. உத்யம் பதிவில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

கேப்ரியேல எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளரும் இன்னொருவரும் 1991-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. என்னால் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகமாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே மெலிந்துவிட்டதாகக் கற்பனையில் மகிழ்ந்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். முடியும் என்று நினைப்பது வேறு, முடிந்துவிட்டதாக நினைப்பது வேறு. ஓட்டல் ஹாலில் சொல்லித் தருவது இரண்டாவது வகை. அதற்குப் பதிலாக, "இந்த டெண்டர் நமக்குக் கிடைக்கவில்லை என்றால் எதனால் கிடைக்காமல் போயிருக்கும்?" என்று டெண்டரைத் தளத்தில் ஏற்றுவதற்கு முதல் நாள் ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் காலாவதி ஆகப்போவது அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

சரி, ரேட்டுக்கு வருவோம். நான் பயப்படுகிற இடம் இதுதான்.

"ஏனுங்க ஆடிட்டர், ரேட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டு உள்ள போயிட்டோம்னா அப்புறம் பாத்துக்கலாமுங்க." நேர்மறைச் சிந்தனை ஆளைக் கவிழ்ப்பது இந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' என்பதில். 1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல் ஏலம் எடுத்த கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்பது கேள்வி. கடலுக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆளுக்கொரு மதிப்பு போடுகிறார்கள். ஏலம் யாருக்கு விழுகிறது? எல்லோரையும் விட அதிக எண்ணெய் இருப்பதாகத் தப்புக் கணக்குப் போட்டவருக்கு. ஜெயித்தவரின் சாபம் என்று பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நம் டெண்டரில் இது தலைகீழாக நடக்கும். எட்டுப் பேர் போட்டியிட்டால், செலவை யார் மிகக் குறைவாக மதிப்பிட்டாரோ அவர்தான் எல்-1. ஆகவே எல்-1 வந்துவிட்டது என்றால் ஸ்வீட் வாங்கும் முன்பு ஏதாவது ஒரு செலவை விட்டுவிட்டோமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

விடுபடுகிற செலவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரேட் கொடுத்த நாளுக்கும் சரக்கு அனுப்பும் நாளுக்கும் நடுவில் செம்பு விலை ஏறும், நூல் விலை ஏறும். சரக்கு இறங்க வேண்டிய இடம் அசாமில் இருக்கும், நீங்கள் ஈரோடு வரைக்கும் லாரி வாடகை போட்டிருப்பீர்கள். அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் பிடிப்பார்கள், அதிகபட்சம் 10 சதவீதம் வரை. ஐந்து சதவீத லாபத்தில் ரேட் போட்டவருக்கு அது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் வராவிட்டாலும் பில் போட்டதற்கு ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும், அதற்கு பேங்க் ஓவர்டிராப்டில் எடுத்தால் வட்டி. ஆர்டரை ஒழுங்காக முடிப்போம் என்று தரும் பெர்பார்மன்ஸ் கேரண்டிக்கு பேங்கில் முடங்கும் டெபாசிட் தனி. இத்தனையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் ரேட். கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று மனசு சொல்லும் வரை அந்த ரேட் கட்டத்தை நிரப்பாதீர்கள். எல்-1 ஆன பிறகு பின்வாங்கினால் முன்வைப்புத் தொகை போகும், அது கட்டாமல் சலுகையில் வந்தவரை டெண்டரில் கலந்துகொள்ளவே தடை செய்வார்கள்.

போன வருடம் அதே பொருளை அதே துறை என்ன விலைக்கு வாங்கியது என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தளங்களிலேயே முடிந்துபோன டெண்டர்களின் விவரம் நிறையக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தமிழ்நாட்டுத் துறைகளின் டெண்டர் என்றால் 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் இருக்கிறது. முடிவில் குறை இருந்தால் ஆணை கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். "எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டே அந்தப் பத்து நாளையும் கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மானியத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "முடிச்சுத் தர்றேன், பத்துப் பர்சென்ட் குடுங்க" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த மானியம் கையில் கிடைக்கும் பணமும் இல்லை. உங்கள் பெயரில் பேங்கில் மூன்று வருடம் இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகு கடனில் வரவு வைக்கப்படும். மானியத்தை நம்பி மெஷின் வாங்குகிறவர், அந்த மூன்று வருடத் தவணையைத் தன் வியாபாரத்திலிருந்து கட்ட முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்துக்கோ பேங்குக்கோ போகும்போதும் தன்னம்பிக்கைப் பேச்சு தேவையில்லை. திட்ட அறிக்கையில் உள்ள எண்கள் எப்படி வந்தன என்று கேட்டால், எழுதிக்கொடுத்தவரைத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

கடைசியாக, பணம் வராத பயம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இணையதளத்திலேயே புகார் பதியலாம், விசாரிக்கும் மண்டலக் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. "புகார் குடுத்தா அடுத்த ஆர்டர் குடுப்பாங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால் முதலில் நான் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம்தான் போடச் சொல்வேன். பல பில்கள் அதிலேயே நகர்ந்திருக்கின்றன. இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். டெலிவரி சலானில் சரக்கு வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் லாரியைத் திரும்ப விடாதீர்கள். எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு அந்தத் தேதியில் இருந்துதான் தொடங்கும்.