பின்பாயின்டர் சத்தம் போட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள்

இங்கிலாந்து வயல்களில் கிடைக்கும் பழைய உலோகப் பொருட்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் வேலை. நாணயம், ப்ரூச், பெல்ட் பக்கிள், மோதிரம் என்று மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மெட்டல் டிடெக்டரைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் எடுத்தவை. மண்ணுக்குள் ஆயிரம் வருடம் தாக்குப்பிடித்த பொருள், வெளியே எடுக்கும்போது சிதைந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் தெரிந்துவிடும். பழைய கீறல் என்றால் செம்புக் களிம்பின் பச்சைப் படலம் கீறலுக்குள்ளும் இறங்கியிருக்கும். புதுக் கீறலில் உள்ளே உலோகம் பளபளக்கும், ஓரத்தில் பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். நேராக, ஆழமாக ஒரே வெட்டு என்றால் ஸ்பேடின் வேலை. மெல்லிய கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், யாரோ பின்பாயின்டர் (உலோகம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கைக்கருவி) நுனியாலேயே மண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது வகைதான் எனக்குக் கோபம் வரவைப்பது. முதல் வகை வராமல் தடுப்பதற்கென்றே வந்த கருவி அது.

டிடெக்டரின் பெரிய கம்பிச் சுருள் பொதுவாக 11 அங்குல அகலம் இருக்கும். கீழே ஏதோ இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று விரல் வைத்துக் காட்டாது. திரையில் வரும் ஆழக் கணக்கும் நாணய அளவுப் பொருளை மனதில் வைத்துப் போட்டது. பெரிய பொருள் என்றால் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகக் காட்டும். பின்பாயின்டர் என்பது கையடக்கமான சின்ன டிடெக்டர். நுனிக்குள் இருக்கும் சிறு கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பக்கத்தில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மாற்றத்தைப் பிடித்துக் கருவி கத்தும் அல்லது அதிரும். நாணயம் என்றால் சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும். அந்தக் குறுகிய எல்லைதான் அதன் பலமே.

புதிதாக வாங்கியவர்கள் சறுக்குகிற இடம், சுவிட்ச் போடும் இடம். பல மாடல்களில் ஆன் செய்யும் நொடியில் சுற்றி இருப்பதைக் கருவி பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். குழிக்குள் விட்டுவிட்டு ஆன் செய்தால், பக்கத்தில் இருக்கும் நாணயத்தையும் மண்ணோடு மண்ணாகக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கும். 'ஒன்றும் இல்லை' என்று ஸ்பேடை ஓங்குவார்கள். அப்புறம் அது என் மேசைக்கு வரும். ஆகவே காற்றில் தூக்கிப் பிடித்து ஆன் செய்யுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், இரும்பு முனை வைத்த பூட்ஸ் எதுவும் கிட்டே வேண்டாம். இதே குணத்தைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். குழி முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தால், பொருளுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து ரீட்யூன் பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள். உணர்வு எல்லை சுருங்கி, கிட்டே போனால்தான் சத்தம் வரும். பெரிய டிடெக்டரைத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும்.

தோண்டுவதற்கு முன்பே பின்பாயின்டரால் தரையைத் தொட்டுப் பாருங்கள். மேலாகக் கிடக்கும் பொருள் என்றால் ஸ்பேடே தேவைப்படாது. ஆழமென்றால், சிக்னல் வந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று பக்கம் வெட்டிப் புல்லோடு மண்கட்டியைப் புரட்டுங்கள். முதலில் கட்டியின் அடிப்பக்கம், பிறகு குழியின் சுவர், கடைசியாகத் தரை. கத்திய இடத்திலிருந்து ஸ்பேடுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு விரலால் அல்லது மரக்குச்சியால் மண்ணை விலக்குங்கள். சில மாடல்களில் பக்கவாட்டில் சுரண்டும் விளிம்பு வைத்துத்தான் விற்கிறார்கள். அது குழிச்சுவருக்கு மட்டும். இடைக்கால வெள்ளிப் பென்னி காகிதம் மாதிரி இருக்கும், பிளாஸ்டிக் நுனி இடித்தாலே வளைந்துவிடும். பொருளை எடுத்த பிறகும் குழியை மறுபடி ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான பின்பாயின்டர்களுக்கு இரும்பு, தங்கம் எல்லாம் ஒரே சத்தம்தான். முதலில் கிடைத்த துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்திலேயே நாணயம் இருக்கலாம்.

எடுத்ததைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணில் துணி இழையோ தோலின் தடமோ இருந்தால் எனக்கு அது நாணயத்தைவிடப் பெரிய செய்தி.

எப்போது தோண்டவே கூடாது? உழவு படும் ஆழத்துக்குக் கீழே, கலையாத மண்ணிலிருந்து சத்தம் வந்தால். 2010 ஏப்ரலில் சாமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்கு அருகே டேவ் கிறிஸ்ப் என்பவர் செய்தது இன்றும் பாடம். கறுப்புப் பானை ஓடும் சின்ன நாணயங்களும் தெரிந்ததும் குழியை மூடிவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து ஒரே பானையிலிருந்து 52,503 ரோம நாணயங்களை அடுக்கடுக்காக எடுத்தார்கள். எடை சுமார் 160 கிலோ. காலத்தால் பிந்திய, பேரரசர் கராசியஸின் நாணயங்கள் மேலே இல்லாமல் பானையின் உள்ளே வெகு ஆழத்தில் இருந்தன. சேமிப்பு உண்டியலைப்போல வருடக்கணக்காகப் போட்டுவந்ததில்லை, ஒரே சமயத்தில் நிரப்பியது என்று அதனால்தான் தெரிந்தது. அவரே அள்ளியிருந்தால் நாணயங்கள் மிஞ்சியிருக்கும், அந்த விவரம் போயிருக்கும். மாறாக 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையலை எடுத்த இருவர் அறிவிக்காமல் விற்கப் பார்த்து, 2019-இல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்கிறார்கள். பெரும்பகுதி கைக்கு வரவில்லை.

சட்டம் சிக்கலானதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதலில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமம் இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருட்களும் ஒரே இடத்தில் கிடைத்த இரண்டு நாணயங்களும்கூடப் புதையல் ஆகலாம். 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். இன்னொன்று: இந்த நாட்டு வயல்களில் இரண்டாம் உலகப்போர்க் குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. முழங்கை நீளத்துக்குத் தொடர்ந்து சத்தம் வந்து, உருண்டையான இரும்பு தெரிந்தால், தொடாமல் விலகிப் போய் 999-ஐ அழையுங்கள்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் "வரும்போது டிடெக்டர் ஒன்று வாங்கிட்டு வா" என்று கேட்பதுண்டு. நான் வாங்கிக்கொண்டு போவதில்லை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோயில், மேடு, பழைய கோட்டைப் பக்கம் சொந்தமாகத் தோண்டக் கிளம்பினால் வழக்குதான் மிஞ்சும். இலங்கையில் புதையல் தோண்டியதாகக் கைது என்ற செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. வடக்கில் அதற்கும் மேல் ஓர் ஆபத்து: கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட பலகை தெரிகிற காணிக்குள்ளோ அதன் ஓரத்திலோ பொழுதுபோக்கு டிடெக்டரோடு யாரும் இறங்க வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களின் கருவியும் பயிற்சியும் முற்றிலும் வேறு.