கயிறு கட்டும் முன் கியரைச் சொல்லுங்கள்

மதுரை கப்பலூர் டோல்கேட் பக்கம் கார் நின்றுவிட்டால் லோடு வேன்காரர் யாராவது உதவிக்கு நிறுத்துவார். குனிந்து, கைக்கு அகப்பட்டதில் நைலான் கயிற்றைச் சுற்றுவார். அகப்படுவது பெரும்பாலும் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கம்பியான லோயர் ஆர்ம். அது லேசாக வளைந்தாலே சக்கரத்தின் நேர்க்கோணமான அலைன்மென்ட் போய், டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இழுப்பதற்கென்றே டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கியோடு ஒரு கொக்கி கிடக்கும். முன் பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே மரை தெரியும். கொக்கியைக் கையால் முழுக்கத் திருகி, வீல் ஸ்பேனரை வளையத்தில் விட்டு இறுக்குங்கள். சில ஐரோப்பியக் கார்களில் இடப்பக்கம் திருப்பினால்தான் ஏறும். தெரியாமல் வலப்பக்கம் முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். பாதி ஏறிய கொக்கி முதல் வெட்டு இழுப்பிலேயே வளையும், மரையையும் பிய்த்துக்கொண்டு வரும்.

இதெல்லாம் மேனுவல் கியர் வண்டிக்குத்தான். டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்றிருக்கச் சக்கரம் உருண்டால் உள்ளே எண்ணெய் போகாமல் சூடேறித் தேயும். நியூட்ரலில் போட்டாலும் இதே கதிதான். முன்சக்கர இழுவை என்றால் முன்பக்கத்தைத் தூக்கிக் கொண்டுபோகலாம். நான்கு சக்கர இழுவைக்கும் மின்சாரக் காருக்கும் காரை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஃப்ளாட்பெட் லாரி தவிர வேறு எதுவும் வேண்டாம்; மின்சாரக் காரின் சக்கரத்தை உருட்டினால் மோட்டாரும் கூடவே சுற்றி மின்சாரம் உற்பத்தியாகும். கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. உள்ளுக்குள் மேனுவல்தான், ஆனால் பேட்டரி இறங்கிவிட்டால் விழுந்த கியரிலேயே நின்றுவிடும். ஆகவே ரெக்கவரி வண்டிக்குப் போன் போட்டால் இடத்தோடு கியர் வகையையும் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033-க்கும் கூப்பிடலாம்.

கயிற்றில் இழுக்கும்போது பின்வண்டியில்தான் கை தேர்ந்தவர் உட்கார வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் என்பது சட்டமே. இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் 25 கி.மீ.-க்குள். சாவி ஆன் நிலையில் இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். கயிறு தொய்ந்தால் பின்வண்டி லேசாக பிரேக் தொட்டு விறைப்பாக வைக்க வேண்டும். தொய்ந்த கயிறு வெடுக்கென்று இழுபடும்போதுதான் கொக்கி போகிறது. கயிற்று நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் இந்த வேலையே வேண்டாம்.

2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் தேங்கியதுபோல் தண்ணீரில் நின்ற வண்டியை, கியர் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஃப்ளாட்பெட்டில் ஏற்றும்போது முன் பம்பர் ராம்ப்பில் உரசும் போலிருந்தால் டயருக்கு அடியில் பலகை கொடுக்கச் சொல்லுங்கள். பெல்ட்டைச் சக்கரத்தின் மேல்தான் போட வேண்டும், சஸ்பென்ஷனில் கூடாது. பம்பரின் நான்கு மூலைகளையும் ஏற்றும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.